தொடாதே தம்பியும் எர்த் குழியும்

என் தம்பி இதுவரை ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். எட்டு வயதில் டைஃபாய்டு காய்ச்சல். பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை, இரண்டாவது முயற்சியில். சைக்கிள் போட்டியில் மூன்றாம் பரிசாக ஒரு சோப்பு டப்பா. ஓட்டியவர்கள் மூன்று பேர். எலக்ட்ரீஷியன் லைசென்ஸ், மூன்றாவது முயற்சியில். தன் மனைவியிடம் ஒரே ஒரு வாக்குவாதம். அன்று அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. கடைசியாக, என் கணவரை. இதில் எது பெரிய வெற்றி என்று என் கணவரைத் தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தெரியாதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'தொடாதே' என்பார்கள். "தொடாதேயை வரச் சொல்லு, மோட்டார் ஓடல." "தொடாதே சாப்பிட்டானா?" எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அவன் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை அதுதான். என் மகள் பிறந்தபோது பார்க்க வந்தவன், தொட்டிலைப் பார்ப்பதற்கு முன்னால் பக்கத்திலிருந்த டேபிள் ஃபேனின் பிய்ந்த ஒயரைப் பார்த்துவிட்டு, "தொடாதே!" என்று கத்தினான். குழந்தை பிறந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அவள் சொன்ன பேச்சைக் கேட்டாள். அவனுக்குக் கிடைத்த முதல் கீழ்ப்படிதல் அதுதான் என்று நினைக்கிறேன்.

என் கணவர் தச்சுப் பட்டறை வைத்திருக்கிறார். ஊரில் அவரை மாஸ்டர் என்பார்கள். கைவேலை சுத்தம். மேஜையின் அடிப்பக்கத்துக்கும் பாலிஷ் போடுகிற மனிதர். அதை யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டால், "நான் பார்ப்பேன்" என்பார். பார்க்கவும் பார்ப்பார். விருந்துக்குப் போன வீடுகளில் மேஜைக்கடியில் அவரைத் தேடி எடுத்த அனுபவம் எனக்கு உண்டு.

மரத்தில் இவ்வளவு நுணுக்கம் பார்ப்பவர், கரண்ட் விஷயத்தில் மட்டும் பெரிய மனதுக்காரர். எங்கள் பழைய பட்டறை வாடகைக் கொட்டகை. அங்கே ஒவ்வொரு மெஷினுக்கும் சொந்தமாக ஒரு ஜோடி ரப்பர் செருப்பு உண்டு. இழைக்கிற மெஷினுக்கு நீலம், அறுக்கிற மெஷினுக்குப் பச்சை, துளை போடுகிற மெஷினுக்கு இரண்டும் இடது கால். யார் எந்த மெஷினில் நிற்கிறார்களோ, அவர்கள் தங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு மெஷினுடைய செருப்பைப் போட்டுக்கொள்ள வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாள் கற்றுக்கொடுப்பது இதைத்தான். இதற்குப் பெயர் எங்கள் பட்டறையில் 'சேஃப்டி'.

"மெஷின் உடம்புல கரண்ட் வருது மாமா" என்று தம்பி சொன்னான்.

"எங்க வருது? லேசா கூசும். அவ்வளவுதான்."

"கூசுறதுக்கு அது என்ன இறகா?"

"மாப்ளே, பதினஞ்சு வருஷமா கூசுது. நான் இருக்கேன்ல?"

இதற்கு மேல் ஒரு ஆதாரம் எந்தக் கோர்ட்டிலும் கேட்க மாட்டார்கள் என்பது போல என் கணவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். மெஷின்களுக்கு எர்த் இல்லையென்று சொல்ல முடியாது. எல்லா மெஷினிலிருந்தும் ஒரு ஒயர் போய் ஜன்னல் கம்பியில் சுற்றப்பட்டிருந்தது. ஜன்னல் கம்பி செங்கல் சுவரில் நின்றது. அந்தக் கம்பிக்கும் மண்ணுக்கும் தூரத்துச் சொந்தம்கூடக் கிடையாது.

எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கே புரிகிற மாதிரி தம்பி ஒருமுறை விளக்கினான். மெஷினுக்குள் எங்கேயாவது ஒயர் தேய்ந்து, கரண்ட் அதன் இரும்பு உடம்புக்கு வந்துவிட்டால், அது வெளியே போக ஒரு நல்ல வழி தேட ஆரம்பிக்கும். மண்ணுக்குள் போகிற தடித்த ஒயர் ஒன்று அதற்குத் தோதாகக் காத்திருந்தால், கரண்ட் ஒரே பாய்ச்சலாக அதில் பாயும். அந்த வேகத்தில், கரண்ட்டைத் துண்டிக்கிற பிரேக்கர் விழுந்து மெஷின் செத்துவிடும். ஒயர் இல்லையென்றால் மெஷின் சாகாது. சமர்த்தாகக் காத்துக்கொண்டிருக்கும். யாராவது வந்து கையை வைக்கிற வரைக்கும்.

"அப்ப அந்த வழி யாருடா?" என்று கேட்டேன்.

"கையை வைக்கிறவங்கதான் அக்கா."

இழைக்கிற மெஷினில் தினமும் கையை வைக்கிறவர் என் வீட்டுக்காரர். அன்றிலிருந்து தம்பி பேச்சைக் கேலி செய்வதை நான் நிறுத்திவிட்டேன். வீட்டில் மற்ற எல்லாரும் தொடர்ந்தார்கள்.

அவனுக்கு இந்தப் பயம் சும்மா வந்ததில்லை. லைசென்ஸ் வாங்குவதற்கு முன்னால் அவன் ஒரு கான்ட்ராக்டரிடம் வேலை பார்த்தான். அந்த மனிதரைக் கையெழுத்துக்காரர் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். ஒயர் இழுப்பது, சுவர் உடைப்பது, ஏணியில் ஏறுவது எல்லாம் மற்றவர்கள். அவர் டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். சட்டைப் பையில் ரப்பர் ஸ்டாம்பு, அதற்கு மை, ஒரு பேனா. எந்தக் கட்டடம், எத்தனை மாடி, எர்த் இருக்கிறதா என்ற அற்பக் கேள்விகளால் அவர் தன் கையை நடுங்கவிட்டதே இல்லை. அழகான கையெழுத்து என்பதையும் சொல்ல வேண்டும்.

அப்படி அவர் கையெழுத்துப் போட்ட ஒரு வெல்டிங் கடையில், தம்பி கண்ணெதிரிலேயே ஒருவர் கிரைண்டரோடு ஒட்டிக்கொண்டார். கத்த முடியவில்லை. விட முடியவில்லை. தம்பி ஓடிப்போய் மெயினை அணைத்தான். ஆள் பிழைத்துவிட்டார். வலது கையில் இரண்டு விரல் மட்டும் அதற்குப் பிறகு மடங்கவில்லை. தம்பி டீக்கடைக்குப் போய்க் கேட்டபோது கையெழுத்துக்காரர் நியாயமாகவே பதில் சொன்னார்.

"தம்பி, நான் கையெழுத்துப் போட்டது ஒயரிங்குக்கு. அந்த ஆளுக்கு இல்ல."

மறுநாளிலிருந்து தம்பி அவரிடம் வேலைக்குப் போகவில்லை. லைசென்ஸுக்குப் படிக்க உட்கார்ந்தான். முதல் முறை எழுத்துப் பரீட்சையில் போச்சு. இரண்டாம் முறையும் போச்சு. "அவனுக்குக் கரண்ட்டைப் பார்த்தாதான் பயம்னு நினைச்சேன், பேப்பரைப் பார்த்தாலும் பயம்தான் போல" என்றார் என் கணவர். மூன்றாம் முறை பாஸானபோது, "வீட்டுக்குள்ளயே ஆள் வந்தாச்சு. இனிமே எவன்கிட்டயும் போய் நிக்க வேணாம்" என்று தெரு முழுக்கச் சொன்னவரும் அவர்தான்.

அதற்குக் காரணம் இருந்தது. நாங்கள் கொட்டகையைக் காலி செய்துவிட்டுச் சொந்தமாக ஒரு கூடம் கட்டிக்கொண்டிருந்தோம். மூன்று புதிய மெஷின்கள் வந்து இறங்கியிருந்தன. ஒரு பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு செய்யும் ஆர்டர் காத்திருந்தது. பெரிய கரண்ட் இணைப்பு வேண்டும். விண்ணப்பம் என் பெயரில். அதோடு, வேலை சரியாக முடிந்தது, சோதித்துப் பார்த்தேன், எர்த் நன்றாக இருக்கிறது என்று லைசென்ஸ் உள்ள ஒருவர் கையெழுத்துப் போட்ட தாள் போக வேண்டும். தம்பி தன் பெயரில் போடப்போகிற முதல் கையெழுத்து. வங்கியிலும் கல்யாணப் பதிவிலும் அவன் போட்டிருக்கிறானே என்று கேட்கலாம். அதையெல்லாம் நான் கணக்கில் சேர்ப்பதில்லை. அங்கே அவன் எதையும் சோதித்துப் பார்த்துப் போடவில்லை.

வேலையில் அவன் காட்டிய சிரத்தையைப் பார்த்து நானே அசந்துபோனேன். ஒவ்வொரு மெஷினுக்கும் தனி ஒயர், தனி பிரேக்கர். கசிவு வந்தால் கண்சிமிட்டுவதற்குள் விழுகிற இன்னொரு பிரேக்கர். எட்டி அடித்தால் மெஷின் நிற்கிற சிவப்புப் பொத்தான். ஒவ்வொரு மெஷின் உடம்பிலும், பெயிண்ட்டைச் சுரண்டி இரும்பு தெரிய வைத்துப் பச்சை ஒயரை முடுக்கினான்.

என் கணவர் அந்தச் சுரண்டிய இடங்களைத் தடவித் தடவிப் பார்த்தார். புதுப் பெயிண்ட்.

"இந்தப் பச்சை ஒயரு எதுக்கு மாப்ளே இவ்ளோ தடிமனு? சும்மா இருக்கப்போற ஒயருதானே?"

"அது சும்மாவே இருக்கணும்னுதான் மாமா நானும் வேண்டிக்கிறேன்."

கூடத்துக்குப் பின்னால் இரண்டு குழி தோண்டினார்கள். ஆள் உயரத்துக்கு மேல் ஆழம். ஒவ்வொன்றிலும் ஒரு நீளமான இரும்புக் குழாயை நிறுத்தி, சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு மூட வேண்டும். பச்சை ஒயர்கள் எல்லாம் கடைசியில் வந்து சேர்வது அந்தக் குழாய்களின் தலையில்தான். அன்றைக்குப் பார்த்து ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் தண்ணீர் மோட்டார் நின்றுவிட்டதென்று தம்பியைக் கூப்பிட்டார்கள்.

"நீ போ மாப்ளே. குழாயை நிறுத்தி மூடுறது என்ன பெரிய வித்தையா? நான் பாத்துக்கறேன்."

"மேல போல்ட் போடுற இடம் மட்டும் சுத்தமா இருக்கணும் மாமா. வெறும் இரும்பு தெரியணும்."

"என்கிட்டயா சுத்தம் சொல்ற?"

அவரிடம் சுத்தம் சொல்லத் தேவையில்லை என்பது உலகத்துக்கே தெரியும். இரண்டு நாளில் குழிகள் மூடியாகிவிட்டன. குழாய்த் தலையைச் சுற்றிச் சின்னதாக ஒரு செங்கல் தொட்டி, அதற்கு ஒரு மூடி, அதைச் சுற்றிப் பின்முற்றம் முழுக்க சிமெண்டுத் தளம். ஓரங்களைக் கரண்டியால் வளைத்து வழித்திருந்தார். அதில் உட்கார்ந்து சாப்பிடலாம் போலிருந்தது. குழாயின் தலை வெள்ளி மாதிரி மின்னியது. தம்பி குனிந்து பார்த்துவிட்டு, "அருமை மாமா" என்றான். என் கணவர் அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டினார்.

பிறகு தம்பி எர்த்தை அளக்கும் மீட்டரைக் கொண்டுவந்தான். தள்ளித் தள்ளி இரண்டு கம்பிகளைத் தரையில் அடித்து, ஒயரை மாட்டிப் பார்த்தான். ஐந்து ஓமுக்குள் காட்ட வேண்டும், எண் குறைந்தால்தான் நல்ல வழி என்றான். நூற்றெழுபது காட்டியது. இன்னொரு குழி அதைவிட மோசம்.

மண் காய்ந்திருக்கும் என்று தண்ணீர் ஊற்றினான். மறுநாள் அளந்தான். முள் மரியாதைக்குக் கொஞ்சம் நகர்ந்தது. மறுபடி தண்ணீர். உப்புக் கரைசல். காலையில் ஒரு குடம், மாலையில் ஒரு குடம்.

"உன் தம்பி குழியில தென்னம்பிள்ளை வச்சிருக்கானா?" என்று என் கணவர் என்னிடம் கேட்டார். "பூ பூக்குமா, நேரா காய்தானா?"

போல்ட்டுகளைக் கழற்றி முடுக்கினான். ஒயரைப் பிரித்துப் பார்த்தான். மீட்டர் தப்பாக இருக்குமோ என்று வேறொருவரிடம் மீட்டர் இரவல் வாங்கி வந்தான். அது நூற்றெழுபத்திரண்டு என்றது. என் கணவர் பொறுமை இழந்து, பக்கத்துக் கடையிலிருந்து விளக்குக்காக இழுத்திருந்த தற்காலிக ஒயரில் ஒரு குண்டு பல்பை மாட்டி, மறுமுனையை எர்த் குழாயில் வைத்துக் காட்டினார். பல்பு எரிந்தது.

"எரியுதா? இல்லையா?"

"தொடாதீங்க மாமா! அத முதல்ல கீழ வைங்க."

"எரியுதா இல்லையா, அத சொல்லு."

"பல்பு எரியறதுக்குக் கொஞ்சம் கரண்ட் போனா போதும். பிரேக்கர் விழறதுக்கு நிறையப் போகணும். இந்த வழியில அவ்வளவு போகாது. அது எரியும், நீங்களும் எரிவீங்க."

என் கணவருக்கு அந்தக் கடைசி வாக்கியம் பிடிக்கவில்லை. அன்று சாப்பாட்டு நேரத்தில் எங்கள் அம்மா நடுவில் உட்கார்ந்துகொண்டு, "ஒரு கையெழுத்துதானடா. அக்கா வீடுதானே. போட்டுட்டுப் போயேன்" என்றாள்.

"அக்கா வீடுங்கறதாலதான் போடலம்மா."

"இத பாரு," என்றார் என் கணவர். "பெஞ்சுக்காரன் தினம் போன் பண்றான். நாலு பேருக்கு வேலை இல்லாம உக்கார வச்சுச் சம்பளம் குடுக்கறேன். அப்புறமா அளந்து அப்புறமா சரி பண்ணு. யாரு வேணாங்கறா? முதல்ல போடு."

"போட்டப்புறம் நீங்க தோண்ட விடுவீங்களா மாமா?"

விட மாட்டார். அந்தத் தளத்தை வழித்த கையால் அதை உடைக்க விடுவதாவது. தம்பி நிலைமை எங்கள் எல்லாருக்கும் புரிந்தது. போட்டால், எதையும் பார்க்காமல் போடுகிறவர்கள் வரிசையில் அவனும் ஒருவன். போடாவிட்டால், வாங்கிய லைசென்ஸுக்குக் கிடைத்த முதல் வேலை வேறொருவன் கைக்குப் போகும். எப்படிப் பார்த்தாலும் அந்த மெஷினில் போய் நிற்கப்போகிறவர் என் கணவர். அந்த ஒரு விஷயம் மட்டும் என் கணவருக்குத் தன்னைப் பற்றியது என்று தோன்றவே இல்லை.

மறுநாள் காலை, என் கணவர் சொல்லியனுப்பி, கையெழுத்துக்காரர் எங்கள் கூடத்துக்கு வந்து இறங்கினார். டீக்கடையை விட்டு அவர் எழுந்து வந்ததே என் கணவருக்குப் பெருமை. நாற்காலி போட்டு உட்கார வைத்தார். மனிதர் சுவிட்சு போர்டு இருக்கும் பக்கம்கூடத் திரும்பவில்லை.

"என்ன பிரச்சினை மாஸ்டர்? பையன் பயப்படறானா? கத்துக்குட்டிங்க அப்படித்தான். தாளைக் கொண்டாங்க."

தாள் என்னிடம் இருந்தது. விண்ணப்பம் என் பெயரில் என்பதால் எல்லாக் காகிதங்களையும் நான்தான் பைக்குள் அடுக்கி வைத்திருந்தேன். "இருங்க, டீ போடறேன்" என்றேன். நான் டீ போட அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது என் வாழ்நாளில் அந்த ஒரு முறைதான்.

தம்பி வந்தான். கையில் மீட்டர் இல்லை. கடப்பாரை இருந்தது.

நேராகப் பின்முற்றத்துக்குப் போய், என் கணவர் வளைத்து வழித்த ஓரத்தில், நடுவாக, ஒரு போடு போட்டான்.

என் கணவர் எழுப்பிய சத்தத்தைக் கேட்டு நான்கு ஆட்களும் ஓடி வந்தார்கள். "டேய்! டேய் மாப்ளே! தளத்த உடைக்கிறான்டா!" தன் காலிலேயே கடப்பாரை விழுந்தது போல ஒற்றைக் காலில் நின்றார்.

"மண்ணு சரியா இருக்கு. ஒயரு சரியா இருக்கு. மீட்டரு ரெண்டும் சரியா இருக்கு," என்றான் தம்பி, தோண்டிக்கொண்டே. "மிச்சம் இருக்கறது நான் பாக்காத ஒண்ணுதான் மாமா."

"நான் பண்ண வேலையச் சந்தேகப்படறியா?"

"உங்க வேலையச் சந்தேகப்படல. நான் பாக்கலன்னுதான் சொல்றேன்."

கையெழுத்துக்காரரும் பேனாவைத் திறந்தபடியே பின்னால் வந்து நின்றார். உள்ளே இருந்த கரியும் உப்பும் தம்பி சொன்னபடியே, கேக் அடுக்கின மாதிரி ஒழுங்காக வந்தன. இடுப்பளவு தோண்டியதும் தம்பி நின்றான். தண்ணீர் வாங்கிக் குழாயைக் கழுவினான். பிறகு கடப்பாரையில் சாய்ந்துகொண்டு சிரிக்க ஆரம்பித்தான். நான் எட்டிப் பார்த்தேன்.

குழாய் கட்டில் கால் மாதிரி இருந்தது. தேன் நிறத்தில், ஒரு தூரிகைக் கோடு தெரியாமல், முகம் பார்க்கலாம் போன்ற பளபளப்பு. மேலே, போல்ட் போடுகிற இடத்தில் மட்டும், டேப் ஒட்டிப் பூசியதால், நூல் பிடித்த மாதிரி நேரான ஒரு கோடு. அந்தக் கோட்டுக்கு மேலே வெள்ளி. கீழே, மண்ணைத் தொடுகிற அத்தனை நீளத்துக்கும், வார்னிஷ்.

"என்ன மாமா இது?"

"அடியில ப்ரைமர். மேல ரெண்டு கோட்டு," என்றார் என் கணவர், குரல் கொஞ்சம் இறங்கி. "இரும்புடா. ஈர மண்ணு. துருப் பிடிச்சிராது? நீ போல்ட் போடுற இடத்த வெறுமனே விடச் சொன்ன. விட்டேன்ல?"

"மண்ணைத் தொடணும்னுதானே மாமா அதைப் புதைக்கிறோம்? நீங்க அதுக்குச் சட்டை மாட்டி அனுப்பியிருக்கீங்க."

கையெழுத்துக்காரர் குனிந்து குழாயைப் பார்த்தார். அன்று அந்தக் கூடத்தில் அவர் உண்மையிலேயே கவனித்துப் பார்த்த ஒரே பொருள் அதுதான்.

"நல்லா வந்திருக்கே மாஸ்டர்," என்றார். "எந்தக் கம்பெனி வார்னிஷ்?"

என் கணவர் குழிக்குள் இருந்த குழாயைப் பார்த்தார். கூடத்துக்குள் வரிசையாக நின்ற மெஷின்களைப் பார்த்தார். அவற்றின் உடம்பில் தம்பி சுரண்டிய இடங்களின் அர்த்தம் இப்போதுதான் அவருக்குப் புரிந்த மாதிரி தெரிந்தது. இழைக்கிற மெஷின் கிட்டே போனவர், அதன் மேஜைமேல் கையை வைக்கப் போய், வைக்காமல் எடுத்துக்கொண்டார். இணைப்பே வராத மெஷின் அது.

கையெழுத்துக்காரருக்கு டீ கொடுத்தேன். "தாள்?" என்றார். "டீயைக் குடிங்க" என்றேன். குடித்துவிட்டுப் போனார். பேனாவை மூடியதைப் பார்த்தேன். அதில் வருத்தம் எதுவும் தெரியவில்லை. இந்தப் பக்கத்தில் கட்டடங்களுக்கா பஞ்சம்.

அதற்குப் பிறகு என் கணவர் செய்ததையும் சொல்ல வேண்டும். தன் கையாலேயே மற்றக் குழியின் தளத்தையும் உடைத்தார். இரண்டு குழாய்களையும் எடுத்து வைத்துக்கொண்டு உப்புத்தாளால் தேய்க்கத் தொடங்கினார். தேய்த்தால் வார்னிஷுக்கு அடியிலிருக்கும் துத்தநாகப் பூச்சும் போய்விடும், புதுக்குழாய் வாங்கிக்கொள்ளலாம் என்று தம்பி தடுத்தான். பழைய இரண்டும் இப்போது எங்கள் மொட்டை மாடியில் துணி காயப்போடுகிற கம்பிகளாக இருக்கின்றன. துருவே பிடிக்கவில்லை. அதை இன்றுவரை வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார்.

புதுக்குழாய்கள் வந்தன. இந்த முறை தம்பி குழிக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டான். என் கணவர் துணியால் துடைக்கப் போனால்கூட, "தொடாதீங்க மாமா" என்றான். மூடி, தண்ணீர் ஊற்றி, மண் இறுகட்டும் என்று விட்டான். பெஞ்சுக்காரர் பாதி ஆர்டரை வேறு பட்டறைக்குக் கொடுத்துவிட்டார். அந்தச் செய்தி வந்த அன்று ராத்திரி என் கணவர் தம்பியின் தட்டில் தானே இன்னொரு கரண்டி சோறு போட்டார்.

கடைசியாக அளந்தபோது நானும் பக்கத்தில் நின்றேன். முள் மூன்றைத் தாண்டிச் சற்று நகர்ந்து நின்றது. இன்னொன்றும் அங்கேயே. தம்பி கம்பிகளைப் பிடுங்கி வேறு இடத்தில் அடித்து மறுபடி அளந்தான். அதே மூன்று. பிறகு ஒவ்வொரு மெஷினாகப் போய், அதன் உடம்பிலிருந்து குழாய்த் தலை வரைக்கும் பச்சை ஒயர் அறுபடாமல் வருகிறதா என்று பார்த்தான். கசிவு பிரேக்கரை, பக்கத்துக் கடை ஒயரில் மாட்டி, அதன் சோதனைப் பொத்தானை அமுக்கினான். டப்பென்று விழுந்தது. இன்னொரு முறை அமுக்கினான். மறுபடி விழுந்தது. அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவன் கல்யாணத்தில்கூட நான் பார்த்ததில்லை.

தாளை எடுத்து இழைக்கிற மெஷின் மேஜைமேல் வைத்தேன். என் கணவர் தன் பென்சிலை நீட்டினார். பிறகு அது பென்சில் என்று உணர்ந்து, உள்ளே போய்ப் பேனா தேடிக்கொண்டு வந்தார்.

"போடு மாப்ளே."

தம்பி தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தான். பேனாவை வாங்கினான். வைத்தான். எழுந்து பின்பக்கம் போனான். இன்னொரு முறை அளக்கிற சத்தம் கேட்டது. என் கணவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். ஆச்சரியம், அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

தம்பி திரும்பி வந்து, கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, எங்கள் அப்பாவின் முதலெழுத்தோடு தன் முழுப் பெயரையும் நிதானமாக எழுதினான். கீழே தேதி போட்டான்: 2019, மார்ச் 12, செவ்வாய்க்கிழமை.